பெரிய கார்டு

'கண் பார்வை இல்லாதவருக்கு எதுக்குங்க முப்பத்திரண்டு இன்ச் மானிட்டர்?'

கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விற்பனையாளன் கஷ்டப்பட்டு விழுங்கிக்கொண்டான்.

கவுண்டருக்கு எதிரே கணவன், மனைவி. அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கறுப்புக் கண்ணாடி, கையில் வெள்ளைக் கோல். அந்த அம்மா ஒரு தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டே போனாள்.

"கேம் விளையாடணும், படம் பாக்கணும். கம்ப்யூட்டர் பார்ட்ஸ் மட்டும் குடுங்க, வீட்டுல நாங்களே பூட்டிக்குவோம். ராம் முப்பத்திரண்டு ஜிபி. அப்புறம் இந்த நம்பர் கிராபிக்ஸ் கார்டு."

நம்பரைப் பார்த்ததும் விற்பனையாளன் நிமிர்ந்தான்.

"மேடம், அது கடையிலயே பெரிய கார்டு. இதுக்குக் கீழ ஒண்ணு இருக்கு, பாதி விலைதான்."

"வேண்டாம். இதேதான் வேணும்."

குரல் கறாராக இருந்தது. கணவர் மூச்சு விடவில்லை.

பாவம் மனுஷன் என்று நினைத்துக்கொண்டான் விற்பனையாளன். இவருக்கு ரெண்டு நல்ல ஸ்பீக்கர் போதாதா? இவர் பேரைச் சொல்லி இந்த அம்மா தன் கண்ணுக்கு விருந்து வைத்துக்கொள்கிறாளே!

"தம்பி, அந்த கேபினெட் ஃபேனை இப்படிக் குடுங்க" என்றார் அவர்.

விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டுக் காதருகே பிடித்தார்.

"லேசா உரசுது. வேற குடுங்க."

விற்பனையாளன் நம்பாமல் வாங்கித் தன் காதோடு ஒட்டி வைத்துச் சுழற்றினான். உரசத்தான் செய்தது, ஊசி முனையளவுக்கு. ஆறு வருஷமாக ஃபேன் விற்கிறான், ஒரு நாளும் இது கேட்டதில்லை.

அடுத்து அவர் ராம் பட்டையை எடுத்து விளிம்பில் விரலை ஓட்டினார். "இதோ, இந்தப் பள்ளம் எந்தப் பக்கம்னு தெரிஞ்சாப் போதும். தப்பா மாட்டவே முடியாது."

"நீங்களேவா சார் பூட்டப் போறீங்க?"

"நானேதான். ஸ்க்ரூ கீழ விழுந்தா மட்டும் இவ வரணும்."

"பாதி நேரம் அவர் காலுக்கடியிலதான் கிடக்கும்" என்று அந்த அம்மா சிரித்தாள்.

கடையில் அதே கார்டு போட்ட கம்ப்யூட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கார் பந்தயம். கணவர் கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டார். மனைவி ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"பச்சை விழுந்துடுச்சு, போங்க. நேரா... வலது வளைவு, பெரிசு... இப்போ! முன்னால சிவப்புக் காரு. இடது பக்கம் இடம் இருக்கு, புகுந்துடுங்க!"

புகுந்துவிட்டார். இன்ஜின் உறுமலை வைத்தே வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். பாதை நேரானதும் அவள் குரலும் தணிந்தது.

"வலது பக்கம் பூராவும் கடல். மேகம் ஒரே ஒரு இடத்துல கிழிஞ்சு வெயில் விழுது. அங்க மட்டும் தண்ணி, பித்தளையைத் தேச்சு வச்ச மாதிரி மின்னுது. ஐயோ, ரோட்டோரத்துப் பறவையெல்லாம் நம்ம சத்தத்துக்கு எழும்பிடுச்சு!"

"எத்தனை?"

"இருபது, முப்பது இருக்கும். எல்லாம் வெள்ளை. ஒண்ணு மட்டும் இன்னும் உக்காந்திருக்கு... எழும்பிடுச்சு, எழும்பிடுச்சு!"

அவர் முகம் மெல்ல மேலே திரும்பியது, அது பறந்துபோன திசைக்கு.

விற்பனையாளன் திரையை எட்டிப் பார்த்தான். இதே பந்தயத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓட்டிக் காட்டுகிறான். அதில் பறவைகள் இருப்பது இன்றைக்குத்தான் தெரியும். மவுஸ் வாங்க வந்த ரெண்டு பேர் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். கார் மூன்றாவதாக வந்தபோது அவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள்.

அந்த அம்மா கீபோர்டு பார்க்க அடுத்த வரிசைக்குப் போனாள். விற்பனையாளனுக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பெரிய கார்டால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. படம் பளிச்சுனு தெரியும், அவ்வளவுதான். மேடம் ஏன் இவ்வளவு பிடிவாதமா..." என்று இழுத்தான்.

"மெதுவாப் பேசுங்க தம்பி!" பதறிவிட்டார் அவர். "லிஸ்ட் போட்டதே நான்தான். பெரிய கார்டு போட்டாத்தான் சத்தம் உடையாம வரும்னு அவகிட்ட அளந்து வச்சிருக்கேன். திரை பெரிசா இருந்தா உள்ள இருக்கிற ஸ்பீக்கரும் பெரிசுன்னு சொல்லியிருக்கேன்."

"எதுக்கு சார்?"

"பதினாலு வருஷமா உள்ளங்கை அகலப் போனை மூக்குக்கு நேரா வச்சுக்கிட்டு எனக்குப் படம் சொல்லிட்டு இருக்கா. கண்ணு எரியுதுன்னு ஒரு நாள் சொன்னதில்ல. ஆனா சொட்டு மருந்து மூடியைத் திறக்கிற சத்தம் எனக்குக் கேக்குமே! தனக்குன்னு சொன்னா ஒரு கைக்குட்டைகூட வாங்க விடமாட்டா, தம்பி."

விற்பனையாளன் பெரிய கார்டின் டப்பாவை எடுத்துக் கவுண்டரில் வைத்தான்.

அந்த அம்மா கீபோர்டோடு வந்தாள். கவுண்டரில் இருந்த கார்டு டப்பாவைப் பார்த்ததும் முதல் முறையாகக் கொஞ்சம் தயங்கினாள்.

"விலையைக் கேட்டா எனக்கே பகீர்னுதான் இருக்கு, தம்பி. வியாபாரத்துக்காகச் சொல்லாம நிஜத்தைச் சொல்லுங்க. இதைப் போட்டா இவருக்கு நல்லா கேக்குமா?"

கணவரின் விரல்கள் கோலை இறுக்கிப் பிடித்தன.

"சத்தியமா நல்லா கேக்கும்மா" என்றான் விற்பனையாளன்.

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது பொய்யே இல்லை என்பது அவனுக்கு உறைத்தது.