அப்பாவின் ஃப்ளாப்பி

மதிய வெயில் மேசையில் பாதியைப் பிடித்திருக்கிறது. லேப்டாப்பில் சொருகிய டிரைவ் அப்பாவின் ஃப்ளாப்பியைப் படிக்கவில்லை. காலியாக இருக்கிறது, அழித்துப் புதிதாக்கவா என்று கேட்கிறது. “காலியா? உள்ள அவரு எழுதுன லெட்டர் இருக்குதுன்னு அதுகிட்ட சொல்லுடி,” என்கிறாள் அம்மா. ‘வேண்டாம்’ அழுத்திவிட்டு, அவருடைய பழைய கம்ப்யூட்டரில் போடுகிறேன். டிரைவின் மூடி சாத்தி நிற்காததால் மேலே ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டையை வைக்கிறேன். வெகுநேரம் கரகரத்த பிறகு திரையில் பச்சை எழுத்துகள் வருகின்றன. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருக்கிறார். அம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. இந்த மெஷின் எப்போது நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாது. அவள் நோட்டைப் பிரிக்கிறாள். “நீ படி, நான் எழுதிக்கிறேன்.” முதல் வார்த்தை அம்மாவின் பெயர். “பாக்கியம்,” என்கிறேன். அப்பா இறந்த பிறகு இந்த வீட்டில் யாரும் அம்மாவை அப்படிக் கூப்பிட்டதில்லை. பேனா அசையவில்லை. “சொல்லுங்க,” என்கிறாள்.