காதைத் தொட்டால் கத்து!

"சார், எனக்கு இப்பவே பயமா இருக்கு. நாளைக்கு லீவு போட்டுடட்டுமா?"

"நீ லீவு போட்டா உன் வேலையும் லீவு போட்டுடும்மா!" என்றது போனில் ஒரு கரகரத்த குரல்.

புது டீச்சருக்குக் கல்வி அலுவலகம் ஒதுக்கியிருந்த வழிகாட்டி ஆசிரியர் அவர். வேறு பள்ளிக்காரர் என்பதால் வழிகாட்டல் முழுக்க போனில்தான். முகம் பார்த்ததில்லை. நாளை ஆபீசர் வந்து அவள் பாடம் நடத்துவதைப் பார்க்கப் போகிறார். அவர் தலையாட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். வீட்டில் அண்ணனையே அதட்டி உட்கார வைக்கிறவள், வகுப்புக்குள் நுழைந்தால் மட்டும் பூனைக்குட்டி ஆகிவிடுவாள்.

"பயப்படாதே. நானும் வந்து கடைசி பெஞ்சுல உட்கார்ந்துக்கறேன். நடுவுல பேச முடியாது, அதனால சைகை. காதைத் தொட்டா சத்தமா பேசு. கண்ணாடியைக் கழட்டினா போர்டுல பெருசா எழுது. வாயைப் பொத்தினா பாடம் அறுவைன்னு அர்த்தம், உடனே நடிச்சுக் காட்டு."

"உங்களை எப்படி சார் கண்டுபிடிக்கிறது?"

"இதென்ன கேள்வி? ஆபீசர் ஆபீசர் மாதிரி இருப்பார், வாத்தியார் வாத்தியார் மாதிரி இருப்பேன்!"

மறுநாள் பாடம் தொடங்கியதும் தலைமை ஆசிரியை பின்கதவைத் திறந்து, இரண்டு பேரை உள்ளே விட்டுவிட்டு நழுவினார். இருவருக்கும் மூக்குக் கண்ணாடி. ஒருவர் கோட்டும் டையும் முறுக்கிய மீசையுமாக விறைப்பாக இருந்தார். மற்றவருக்குக் கசங்கிய சட்டை, கக்கத்தில் ஒரு குடை. கேட்கவா வேண்டும்? டீச்சர் குடைக்காரரையே கண்ணால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கோட்டுக்காரர் இருந்த திசையில் தலைவைத்தும் படுக்கவில்லை.

"தவளை தண்ணீரில் முட்டையிடும்..." என்று ஆரம்பித்தாள்.

குடைக்காரர் காதைத் தொட்டார். டீச்சர் குரலை உயர்த்தினாள். மறுபடியும் தொட்டார். அடுத்த வகுப்புப் பிள்ளைகளும் தவளையைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள்.

கண்ணாடியைக் கழற்றினார். டீச்சர் 'தலைப்பிரட்டை' என்று எழுதினாள். துடைத்து மாட்டிவிட்டு மறுபடியும் கழற்றினார். இந்தத் தடவை 'தலை'யே போர்டை அடைத்துக்கொண்டது. 'பிரட்டை'க்குச் சுவரில்தான் இடம் கிடைத்தது.

அப்புறம் வாயைப் பொத்தினார். எல்லாம் தலையெழுத்து என்று டீச்சர் தரையில் குந்தி, "கொர்ர்... கொர்ர்!" என்று மேசையைச் சுற்றித் தாவினாள். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. குடைக்காரரும் குலுங்கினார். கோட்டுக்காரர் மட்டும் ஈ ஓட்டுகிறவர் மாதிரி இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டே இருந்தார். ஓரக்கண்ணில் அது பட்டதும், போச்சு, வேலை போச்சு என்றே அவள் முடிவு கட்டினாள்.

மணி அடித்ததும் கோட்டுக்காரர் விறுவிறுவென்று வந்தார்.

"மன்னிச்சிடுங்க சார்..."

"மன்னிப்பாவது மண்ணாங்கட்டியாவது! நிறுத்து, நிறுத்துன்னு கையாட்டி ரெண்டு தோளும் கழண்டு போச்சு. ஒரு தடவையாவது என் பக்கம் திரும்பினியாம்மா? ஆபீசர் வர்ற நாளாச்சேன்னு என் கல்யாணக் கோட்டை வேற மாட்டிக்கிட்டு வந்தேன்!"

அதே கரகரத்த குரல். டீச்சர் சட்டென்று கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அப்படியானால் அந்தக் குடைக்காரர்?

அவர் குடையை ஊன்றியபடி மெதுவாக வந்தார். முகமெல்லாம் பல்.

"எனக்குக் காது மந்தம்மா, கண்ணும் மங்கல், உட்கார்ந்தா கொட்டாவி வேற. இத்தனை வருஷமா எந்த ஸ்கூல்ல என்ன நடத்தினாங்கன்னே தெரியாம குத்துமதிப்பாத்தான் மார்க் போட்டுக்கிட்டு இருந்தேன். இன்னிக்குத்தான் ஒரு பாடம் பூரா புரிஞ்சுது... நூத்துக்கு நூறு!"