கடுகில் கால்வாசி

அல்வால் ஏரிக்கரையின் ஈர மணலில் குப்புறப் படுத்திருக்கிறார் ஓய்வுபெற்ற பூச்சியியல் பேராசிரியர் கிட்டு. விரல்நுனியில் கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு வண்டு, கால்களை இழுத்துக்கொண்டு செத்ததாக நடிக்கிறது. லென்ஸில் அதன் பொன்மயிர் கோபுரக் கலசமாக மின்னுகிறது. "புது இனம்டீ! உன் பேரைத்தான் வைக்கப்போறேன். உலகமே பகவதி, பகவதின்னு கதறும்." "நிச்சயமா புதுசா?" என்கிறாள் மனைவி. "ஆண் வண்டோட அந்தரங்கத்தைப் பிரிச்சுப் பார்த்தாத்தான் நிச்சயம். முதல்ல ஸ்பிரிட்ல போட்டுக் கொல்லணும்." "நக்கோ, வேண்டவே வேண்டாம்! எழுபது வயசுல பார்க்கற காட்சியா?" கிட்டு குப்பியைத் திறக்கிறார். வண்டு ஒரு காலை மெல்ல நீட்டி அவர் ரேகையைத் தடவுகிறது. "அடடா, இது பெண்ணாச்சே. பெண்ணை வெச்சு இனம் சொல்ல முடியாது." "பிரிக்காமலே எப்படித் தெரிஞ்சுது?" குப்பியை மூடிவிட்டு, வண்டு மணலில் இறங்கும்வரை விரலை அசைக்காமல் வைத்திருக்கிறார் கிட்டு.