இரண்டு வெயினிகள்

"நேத்து என் பொண்ணு ஒரே நேரத்துல ரெண்டு பேரா வந்து நின்னா. ரெண்டு பேருக்கும் முப்பத்தஞ்சு வயசு!" என்றார் அருணகிரி. பதினேழு வயது வெயினி அடுக்களையில் வடை தின்றுகொண்டிருந்தாள்.

மைத்துனர் தணிகாசலம் காபி டம்ளரோடு சிரித்தார். "ரிட்டயர் ஆனதும் புளுகு ஜாஸ்தியாயிடுச்சு அத்தான்."

பார்மசி கல்லூரிகள் இப்போதெல்லாம் விளம்பரம் செய்வதில்லை. அங்கே படித்தால் பிள்ளை எப்படி ஆவாளோ, அவளையே வீட்டுக்கு அனுப்பிக் காட்டுகின்றன. வீட்டை விற்றுப் பெரிய கல்லூரியில் சேர்ப்பதா, டவுன் பஸ் போகும் உள்ளூர்க் கல்லூரி போதுமா என்று அருணகிரிக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

அவர் கல்லூரிகள் கொடுத்திருந்த பெட்டியின் பொத்தானை அழுத்தினார். வெள்ளைக் கோட்டில் இரண்டு வெயினிகள் கூடத்தில் நின்றார்கள்.

"கண்ணுங்களா, மாமாவுக்குத் தைராய்டு மாத்திரை கேக்கவே மாட்டேங்குதாம்."

பெரிய கல்லூரி வெயினி மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் பொழிந்தாள். ஒன்றும் புரியாமலே எல்லோரும் தலையாட்டினார்கள்; கூடத்து விளக்கு மட்டும்தான் ஆட்டவில்லை.

உள்ளூர் வெயினி கேட்டாள்: "எப்பப் போடறீங்க மாமா?"

"காலையில, வெறும் வயித்துல."

"காபி?"

"காபி மட்டும் குடிச்சிருப்பேன்."

"காபி குடிச்சப்புறம் அது எப்படி மாமா வெறும் வயிறு? மருந்தைக் காபி உள்ளயே விடாது!"

அடுக்களை வெயினி வடையோடு எட்டிப் பார்த்து, "அதானே!" என்றாள்.

தணிகாசலம் டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேரா வந்தது நெசந்தான் அத்தான். வீட்டை விக்காதீங்க."