வாசலில் கழற்றிய சப்பாத்து

மெற்றில்டாவுக்குக் கார் ஓடத் தெரியாது. ஒவ்வொரு குளிர்காலமும் பனிமலைக்குக் கூட்டிப்போகிறேன் என்று வாயால் பந்தல் போட்ட கணவர் யேசுராசா போன மாசியில் காலமாகிவிட்டார். இனி யாரை நம்பியிருப்பது? ஹோம்புஷ் வீட்டின் குசினியில் இருந்தபடி அவள் தானே பயணத்தை ஒழுங்குபடுத்தினாள். கன்பராவுக்கு ரயில், அங்கிருந்து மலையடிவாரத்துக்கு பஸ். எல்லாவற்றிலும் ஒரேயோர் இருக்கை. மிஞ்சியது பனியில் போடும் பூட்ஸ்தான். அந்த அடிவாரத்தில் அதை வாடகைக்குக் கொடுக்கும் கடைக்குப் போன் எடுத்தாள். மெற்றில்டா யேசுராசா என்று பேர் சொன்னதும் அந்தப் பக்கத்துப் பெண் தமிழுக்கு மாறினாள்.

“உங்களுக்கும் சேர்த்து அங்கிள் நேற்றே எடுத்திட்டார், அன்ரி. தன்ரை சப்பாத்தை வாசலிலை கழட்டி வச்சிட்டுத்தான் கடைக்குள்ளை வந்தவர். இஞ்சை ஒருத்தரும் அப்பிடிச் செய்யிறேல்லை. அதாலைதான் எங்கடை ஆளெண்டு விளங்கினது.”

“என்ன சப்பாத்து?”

“கறுப்பு. ஒண்டிலை மட்டும் வெள்ளை நாடா.”

அடக்கத்தன்று காலையில் அவருக்குச் சப்பாத்துப் போடும்போது நாடா அறுந்தது. கைக்கு அகப்பட்ட வெள்ளை நாடாவை மெற்றில்டாதான் கோத்துக் கட்டிவிட்டாள்.

“காரிலையோ வாறீங்கள், அன்ரி?”

“இல்லை, பஸ்ஸிலை.”

“ஓம், அவரும் அப்பிடித்தான் சொன்னவர். இஞ்சை பனி கொட்டுது. அந்தச் சப்பாத்து இன்னும் வாசலிலைதான் கிடக்கு. உள்ளுக்கு எடுத்து வைக்கட்டோ?”



“வேண்டாம் பிள்ளை,” என்றாள். “கழட்டின இடத்திலைதான் தேடுவார்.”