மூணு தலையணை

"என்ன கண்டக்டர் சார், மறுபடியும் மூச்சு வாங்குதா?" என்று கேட்டுக்கொண்டே கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள் நர்ஸ்.

"வாங்குது சிஸ்டர். வாங்கினதைத் திருப்பித்தான் கொடுக்க மாட்டேங்குது," என்றார் அவர்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவசரப் பிரிவுக்கு அடிக்கடி வந்து போனதில் அங்கே அதுவே அவர் பெயராகிவிட்டது. ஒவ்வொரு முறையும் டியூட்டி டாக்டர் ஓர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நர்ஸுக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

அவளுக்கு அங்கே புதிதாக ஒரு பொறுப்பு கொடுத்திருந்தார்கள். இதயம் பலவீனமாகி, மூச்சுத் திணறலோடு திரும்பத் திரும்ப ஓடி வருபவர்களை இனம் கண்டு ஆதரவுச் சிகிச்சைக் குழுவிடம் சேர்க்க வேண்டும். அந்தக் குழு வீடு தேடிப் போய் மருந்தைச் சரிபார்க்கும், அவஸ்தையைக் குறைக்கும், கடைசிவரை கூடவே நிற்கும். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தாலே, கைவிட்டுவிட்டீர்களா என்று அழுதுவிடுகிறார்கள். இதுவரை ஒருவர்கூடத் தலையாட்டவில்லை. இவரையாவது சேர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் வரும் வழியிலேயே ஏதாவது ஆகிவிடும் என்று அவளுக்குப் பயம்.

"ராத்திரி எத்தனை தலையணை வைச்சுப் படுக்கறீங்க?"

"மூணு. அதுவும் பத்தலை. பாதி ராத்திரி உட்கார்ந்தே கழியுது."

சாயங்காலமானால் கால் வீங்கிச் செருப்பு நுழைவதில்லை, குளியலறைக்குப் போய் வருவதற்குள் நின்று நின்று வர வேண்டியிருக்கிறது, சாப்பாடு இறங்குவதில்லை என்று கேட்பதற்கு முன்பே ஒப்பித்தார். பாடப் புத்தகம்கூட இவ்வளவு கோர்வையாகச் சொல்லாது. நர்ஸ் டாக்டரிடம் மல்லுக்கு நின்று, அன்றைக்கு அவருக்கு இதய ஸ்கேன் எடுக்க வைத்தாள்.

அவர் மனைவி பையோடு வந்து, சுவரைப் பிடித்தபடி கணவரைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். வசவு பாதிப் பாதியாகத்தான் வந்தது. பின்னாலேயே ஓடி வந்த களைப்பு, பாவம் என்று நினைத்துக்கொண்டாள் நர்ஸ்.

"எனக்கு ஆஸ்பத்திரி வாடையே ஆகாதும்மா. இந்த மனுஷனுக்காகத்தான் வந்து தொலைக்கிறேன்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்கேன் முடிவு வருவதற்குள் நர்ஸ் கட்டிலோரம் உட்கார்ந்து, மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னாள். அழப்போகிறார் என்று நினைத்தால், கண்டக்டர் முகம் மலர்ந்தது.

"வீட்டுக்கே வருவாங்களா?"

"வருவாங்க."

"வர வேண்டாம்னு சொன்னாலும் வருவாங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாராவது கதவைத் திறந்தா வருவாங்க."

"கதவை நான் திறக்கறேன், சிஸ்டர்."

முதல் சம்மதம். நர்ஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நேரம் பார்த்து டாக்டர் ஸ்கேன் முடிவோடு வந்து சேர்ந்தார்.

"இவருக்கா ஆதரவுச் சிகிச்சை? இவர் இதயம் இன்னும் ரெண்டு பஸ்ஸைத் தள்ளும்," என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

நர்ஸுக்கு முகம் தொங்கிப்போனது. கண்டக்டரின் காலை அழுத்திப் பார்த்தாள். வீக்கமாவது ஒன்றாவது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களை நம்பி நான் சண்டையெல்லாம் போட்டேன். அப்போ அந்த மூணு தலையணை?"

கண்டக்டர் ஒரே எட்டில் கட்டிலை விட்டு இறங்கினார். விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார். பிறகுதான் நாற்காலியைக் காட்டினார். அந்த அம்மாவின் செருப்பு தனியாகக் கிடந்தது. கால்கள் இரண்டும் பொதபொதவென்று வீங்கியிருந்தன.

"இவளுக்கு இதயம் பலவீனம்னு போன வருஷமே சொல்லிட்டாங்க. மாத்திரை முடிஞ்சதோட டாக்டரையும் முடிச்சுட்டா. தனக்குன்னா இந்த வாசலை மிதிக்க மாட்டா, எனக்குன்னா ஓடி வருவா. நானும் ஒவ்வொரு தடவையும் ஏறிப் பார்க்கறேன், பேசறதுக்குள்ள இறக்கி விட்டுடறாங்க. நான் சும்மா துண்டு போட்டு இடம் பிடிச்சேன் சிஸ்டர். பிரயாணி அவதான்."

நர்ஸ் பதில் சொல்வதற்குள், கண்ணைத் திறக்காமலே அந்த அம்மாவின் குரல் வந்தது.

"பிடிச்சதுதான் பிடிச்சீங்க, இன்னும் ரெண்டு தலையணை கேட்டு வாங்கிப் போட்டிருக்கக் கூடாதா?"