மாட்டிக்கொண்ட கணையம்

தில்லைநாயகியின் உடம்பில் இதயம் மேல்வீட்டிலும் கணையம் கீழ்வீட்டிலுமாகக் குடியிருந்தன. கணையம் நாளெல்லாம் மூச்சு வாங்குவதைக் கேட்டுக் கேட்டு இதயத்துக்கு அடித்துக்கொண்டது.

"ஏன்க்கா இப்படி இரைக்குது?"

"சாப்பிட்ட சர்க்கரையை செல்லுக்குள்ள அனுப்பணுமே! முன்னெல்லாம் ஒரு இன்சுலின் போய்த் தட்டினா கதவு திறக்கும். இப்போ ஒரு கூட்டமே போய் இடிச்சாத்தான் திறக்குது."

"அதை வெளியே சொல்லக்கூடாதா? இந்தக் கூத்துல என் ரத்தக்குழாய்ல கொழுப்புப் படியுது. ஒருநாள் அடைச்சா நான் போயிடுவேன்க்கா!"

"சும்மா இரு. ஊர் சிரிக்கும்."

கணையம் அப்படிச் சமாளித்ததால், ஒவ்வொரு வருஷமும் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை சரியாகவே இருந்தது. தில்லைநாயகியும் லேபுக்கு எதிர் ஓட்டலில் ஒரு கேசரி சாப்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவாள்.

இந்தத் தடவை புது டாக்டரம்மா, வெறும் வயிற்றில் இன்சுலினையும் பார்க்கச் சொன்னார். அளவு எக்கச்சக்கமாக இருந்தது.

"ஐயோ, மாட்டிக்கிட்டேனே!" என்று கணையம் அழுதது.

"அப்பாடா, அழுதுக்கோ!" என்றது இதயம்.

தில்லைநாயகி கேசரியை விட்டாள்; காலையில் நடக்கத் தொடங்கினாள். சில மாதங்கள் கழித்து ஒருநாள், கணையம் வழக்கம்போல் பெருங்கூட்டத்தைத் திரட்டியது. முன்னே போன இன்சுலின் தட்டியதுமே கதவு திறந்துகொண்டது. பின்னால் வந்தவையெல்லாம் திருதிருவென்று விழித்தன.

"நீங்கெல்லாம் போய் உட்காருங்கப்பா" என்றது கணையம்.

"நீயும்தான் உட்காரேன்க்கா" என்றது இதயம்.